அண்டை வீட்டாரின் மூச்சுக்காற்றும் ஒரு ஹக்

ஜும்ஆ குத்பாவின் எழுத்து வடிவம்

முதல் குத்பா

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! முதலில் எனக்கும், அடுத்து உங்களுக்கும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு உபதேசம் செய்து இந்தக் குத்பாவைத் தொடங்குகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் இப்போது கோடையின் தொடக்கத்தில் வருகிறது. பெருநாளும் அதையடுத்த தஷ்ரீக்குடைய நாட்களும் உண்டு, பருகி, அல்லாஹ்வை நினைவுகூரும் நாட்கள். லண்டனில் வாழும் நம்மில் பலர் அந்த நாட்களில் வீட்டின் பின் தோட்டத்தில் கரி அடுப்பை மூட்டுகிறோம். பிள்ளைகள் ஓடி விளையாட, உறவினர்கள் கூடியிருக்க, இறைச்சியைச் சுட்டுச் சாப்பிடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், இது அல்லாஹ் தந்த நிஃமத். இதில் யாரும் குறை காண முடியாது.

அண்மைக் காலமாக இன்னொரு பழக்கமும் நம் இளைஞர்களிடம் வந்திருக்கிறது. ஸ்மோக்கர் என்ற மூடிபோட்ட அடுப்பில், மாட்டின் நெஞ்சுக்கறியை விறகுப் புகையிலேயே பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக வேக வைக்கிறார்கள். இரவே மூட்டிவிட்டு மறுநாள் பகலில்தான் இறக்குகிறார்கள். பொறுமையும் கைத்திறனும் தேவைப்படும் சமையல் அது. அதுவும் ஹலால்தான்.

அப்படியானால் இன்று மிம்பரில் நின்று இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? இறைச்சி நம் தட்டுக்கு வருகிறது, புகை அடுத்த வீட்டாரின் ஜன்னலுக்குப் போகிறது. இந்த ஊரின் வரிசை வீடுகளில் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பலகை வேலி மட்டுமே. அந்த வேலி நம் கோழியைத் தடுக்கும், நம் பிள்ளையின் பந்தைத் தடுக்கும். புகையைத் தடுக்காது. ஹலாலான ஒரு செயலை, சட்டம் அனுமதித்த ஒரு செயலை, என் சொந்த இடத்தில் நான் செய்கிறேன். அது இன்னொருவரின் மூச்சுக்குள் போகிறது என்றால், அவருக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன்? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில் நாம் வாழும் இந்த நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கடுங்குளிர், காற்று அசையவில்லை. மேலே இருந்த வெப்பக் காற்று ஒரு மூடியைப் போல் அமைந்து, வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரிப் புகையைத் தரையோடு தரையாகப் பிடித்து வைத்தது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்லின. அந்த வீடுகளில் அடுப்பு மூட்டியவர்களில் ஒருவரும் கொலை செய்ய நினைத்தவரல்லர். குளிருக்குத் தம் பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்திருக்க நினைத்தவர்கள். ஒவ்வொரு வீட்டின் புகையும் சிறியதுதான். எல்லாம் சேர்ந்தபோது அது மரணமாயிற்று.

அதன் பிறகுதான் 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உருவாயின. லண்டனின் பெரும்பகுதி இன்று அத்தகைய பகுதிதான். அங்கே வீட்டுப் புகைபோக்கி வழியாகப் புகை விட்டால், கவுன்சில் 175 பவுண்டு முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் திறந்தவெளித் தோட்டத்தில் வைக்கும் பார்பிக்யூ அடுப்புக்கு இந்தத் தடை இல்லை. கட்டடத்தின் கூரையில் உள்ள புகைபோக்கி வழியாகப் புகை போகாதவரை, அதில் எந்த எரிபொருளையும் பயன்படுத்தலாம். சில சகோதரர்கள் தோட்டத்தில் கூரை போட்ட சமையல் கூடம் கட்டி, அதற்குப் புகைபோக்கியும் வைக்கிறார்கள். அவர்கள் கவனமாக இருக்கட்டும், அங்கே சட்டம் மாறிவிடும். மற்றபடி புகை அடிக்கடி, நெடுநேரம், தாங்க முடியாத அளவில் அண்டை வீட்டாரைப் பாதித்தால், 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் அதைத் தொல்லை என்று தீர்மானித்து நிறுத்தச் சொல்லலாம்.

ஆக, ஓர் எல்லை வரை சட்டம் நம்மை விட்டுவிடுகிறது. இந்த இடத்தில்தான் ஒரு முஃமினின் சிந்தனை தொடங்க வேண்டும். அபராதம் இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா?

சகோதரர்களே, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். கைபர் போரின் சமயத்தில் தோழர்கள் பசியோடு இருந்தார்கள். பூண்டுச் செடியைக் கண்டு நிறையச் சாப்பிட்டார்கள். பிறகு தொழுகைக்கு வந்தபோது அதன் வாடையை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், அதைச் சாப்பிட்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்றார்கள். மக்கள் உடனே, பூண்டு ஹராமாகிவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்குவது தம் வேலை இல்லை என்றும், அந்தச் செடியின் வாடையைத் தாம் விரும்புவதில்லை என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மனிதர்களுக்குத் தொந்தரவு தருவது மலக்குகளுக்கும் தொந்தரவு தருகிறது என்ற கருத்தும் வேறோர் அறிவிப்பில் இருக்கிறது.

இதில் உள்ள ஞானத்தைக் கவனியுங்கள். உணவு ஹலால். சாப்பிட்டவர் பாவி இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து வெளிப்படும் வாடை பக்கத்தில் நிற்பவரின் மூக்கைத் தொடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காக, ஜமாஅத் தொழுகையின் நன்மையைக்கூட விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள். பூண்டு வாடையினால் யாருக்கும் மூச்சு முட்டாது. சங்கடம் மட்டுமே உண்டாகும். அதற்கே இந்தச் சட்டம் என்றால், ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளையின் நெஞ்சை இறுக்கும் புகைக்கு என்ன சொல்வோம்?

இதன் தொடர்ச்சியாக இன்னொரு செய்தியும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் தம் ஜும்ஆ குத்பா ஒன்றில் வெங்காயம், பூண்டு பற்றிப் பேசினார்கள். சாப்பிட வேண்டும் என்பவர் அவற்றைச் சமைத்து, வாடையைப் போக்கிவிட்டுச் சாப்பிடட்டும் என்ற கருத்தில் வழிகாட்டினார்கள். ஹலாலை விடச் சொல்லவில்லை. தீங்கைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வழிகாட்டலை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் குத்பாவில் அதற்குத் திரும்புவோம்.

புகை பற்றியே நேரடியாக நம் இமாம்கள் பேசியிருக்கிறார்களா? பேசியிருக்கிறார்கள். ஒருவர் தம் இடத்தில் ரொட்டி அடுப்போ, பொதுக் குளியல் கூடமோ கட்டி, அதன் புகை அண்டை வீட்டாருக்குத் தீங்காக இருந்தால், அவர்கள் அதைத் தடுக்கலாம் என்பது மாலிகி மத்ஹபின் பழைய நூல்களில் காணப்படும் தீர்ப்பு. ஹனஃபி சட்டத்தை அடிப்படையாக வைத்து உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லாவில், 1200-ஆம் பிரிவு கடுமையான தீங்கு எப்படியும் நீக்கப்பட வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டார் குடியிருக்க முடியாதபடி செய்யும் அடுப்புப் புகையையும் அது ஓர் உதாரணமாகக் காட்டுகிறது.

நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் உரிமையாளருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில், வழக்கத்துக்கு உட்பட்டு ஒருவர் தம் சொத்தைப் பயன்படுத்தலாம் என்றும், வழக்கத்தை மீறினால் பொறுப்பாளி ஆவார் என்றும் எழுதுகிறார்கள். குடியிருப்புகள் சூழ்ந்த வீட்டைக் குளியல் கூடமாக மாற்றுவதையும் அவர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். முன்னெச்சரிக்கை எடுத்து, சுவர்களை உறுதியாக அமைத்திருக்க வேண்டும்.

மூன்று மத்ஹபுகளுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் உண்மையானது. ஒன்று அண்டை வீட்டாரின் பக்கம் சாய்கிறது. மற்றொன்று வீட்டுக்காரருக்கு இடம் தருகிறது. ஆனால் என் வீடு, என் இஷ்டம் என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்ள இவற்றில் எதுவுமே நம்மை விடவில்லை. எவ்வளவு, எத்தனை முறை, வழக்கத்துக்கு உட்பட்டதா, முன்னெச்சரிக்கை எடுத்தாரா என்று கேட்கின்றன.

இந்த அளவுகோலை நம் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். கோடையில் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் கரி அடுப்பில் கோழி சுடுவது இந்த நாட்டில் எல்லாரும் செய்வது. அண்டை வீட்டாரும் செய்கிறார். அது வழக்கம். அதை அவர் பொறுத்துக்கொள்வது நியாயம். அவருடைய அடுப்பு வாசனை நம் பக்கம் வரும்போது நாம் பொறுத்துக்கொள்வதும் நியாயம். ஆனால் வாரந்தோறும், இரவு முழுவதும், விறகுப் புகையை அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக விடுவது வேறு விஷயம். அவர் துவைத்த துணியைக் கொடியில் போட முடியவில்லை, புழுக்கத்திலும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்றால், நாம் வழக்கத்தைத் தாண்டிவிட்டோம். வாசனை பிடிக்கவில்லை என்பது ஒன்று, மூச்சு விட முடியவில்லை என்பது வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பக்கூடாது. புகார் சொல்பவரும் குழப்பக்கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டார் வந்து புகை பற்றி ஒரு வார்த்தை சொன்னால், நம்மில் சிலருக்கு உடனே வரும் எண்ணம் என்ன? நாம் முஸ்லிம்கள் என்பதால் சொல்கிறார், நம் நிறம் பிடிக்காமல் சொல்கிறார் என்பதுதான். அப்படிப்பட்டவர்கள் இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கசப்பை அனுபவித்தவர்கள் இந்த ஸஃப்பிலேயே இருக்கிறீர்கள். ஆனால் வந்து கதவைத் தட்டியவரின் வீட்டில் நெபுலைசர் வைத்திருக்கும் ஒரு தாய் இருக்கலாம், பிறந்து சில வாரமே ஆன குழந்தை இருக்கலாம். விசாரிக்காமல் அவர் மீது வெறுப்பைச் சுமத்துவது கெட்ட எண்ணம் கொள்வதாகும். அதை விட்டும் விலகுமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். வெறுப்பினால் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் புகை தூய்மையாகிவிடுமா? அவர் நோக்கத்துக்கு அவர் பதில் சொல்வார். நம் புகைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் முன்னோர்களைவிட இதில் நமக்குப் பொறுப்பு கூடுதல். காரணம், அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். விறகும் கரியும் எரியும்போதும், கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போதும் மிக நுண்ணிய துகள்கள் எழுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் என்றால், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, மூக்கு வடிகட்டாது. நுரையீரலின் ஆழம் வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல், இத்தகைய துகள்களுக்கான ஆண்டுச் சராசரி அளவை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று குறைத்துச் சொன்னது. இந்த நாட்டில் அத்துகள்களின் முக்கிய மூலங்களில் வீடுகளில் எரிக்கும் விறகும் ஒன்று.

இதே லண்டனில், லூயிஷம் பகுதியில், எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவினால் இறந்தாள். அவள் வீடு நெரிசலான ஒரு சாலைக்கு அருகில் இருந்தது. அவள் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் மரணத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இந்த நாட்டில் அப்படிப் பதிவான முதல் மரணம் அது. அவள் சுவாசித்தது பெரும்பாலும் வாகனப் புகை, பார்பிக்யூ புகை அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, காற்றில் கலந்தது யாருக்கும் கேடு செய்யாது என்று நம்மில் எவரும் சொல்ல முடியாது.

ஊரெல்லாம் கார் ஓடுகிறது, நம் ஓர் அடுப்பினால்தானா காற்று கெடுகிறது என்று கேட்கலாம். இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்த கப்பல் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்தில் சிலர், கீழ்த் தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வதற்குப் பதிலாக, தம் பகுதியிலேயே ஒரு துளை போட நினைத்தார்கள். அவர்களின் நோக்கம் நல்லது, இடமும் அவர்களுடையது. ஆனால் கடல் எல்லாருக்கும் பொது. விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். நம் தோட்டம் நம்முடையது, காற்று எல்லாருக்கும் பொது.

இந்த வார்த்தைகளைக் கூறி, எனக்காகவும் உங்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள்.

இரண்டாம் குத்பா

அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ்வின் நல்லடியார்களே!

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான குறைகளை அவன் நாடினால் மன்னித்துவிடுவான். அடியார்களின் ஹக் அப்படிப்பட்டதல்ல. தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்து நின்று, பிறருக்குச் செய்த தீங்குக்கு ஈடாக நன்மைகளை எல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு வெறுங்கையாக நிற்பவனையே நபி (ஸல்) அவர்கள் உண்மையான ஓட்டாண்டி என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் வேகவைத்த ஒரு தட்டு இறைச்சிக்கு அந்த விலை அதிகம், சகோதரர்களே.

அண்டை வீட்டார் விஷயத்தில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் விடாமல் உபதேசித்ததில், அவருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்தது. அண்டை வீட்டார் என்றால் முஸ்லிமான அண்டை வீட்டார் மட்டும்தானா? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் முதலில் கேட்டது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதுதான். அந்த ஸஹாபியின் கேள்வி நம் வீட்டிலும் கேட்கட்டும்.

சட்டியின் வாசனையால் அண்டை வீட்டாரை நோவினை செய்ய வேண்டாம், அவருக்கும் எடுத்துக் கொடுத்தால் தவிர, என்ற கருத்தில் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பதால் அதை நான் ஆதாரமாக நிறுத்தவில்லை. குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அது போதும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு தட்டு கறி கொடுத்துவிட்டதால் புகை விடும் உரிமையை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று ஆகாது. பக்கத்தில் சைவம் சாப்பிடும் குடும்பம் இருந்தால் அவர்களுக்குக் கறி கொண்டுபோவதும் மரியாதை ஆகாது. அவர்களுக்குப் பழமோ, பெருநாள் இனிப்போ கொடுங்கள்.

உமர் (ரலி) காட்டிய வழியில், தீங்கைக் குறைத்துக்கொள்ளும் சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மூட்டுவதற்கு முன் சொல்லுங்கள். சனிக்கிழமை இத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம், உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா, கொடியில் துணி இருக்கிறதா என்று கேளுங்கள். கதவைத் தட்டிக் கேட்கும் அந்த இரண்டு நிமிடம் பல வருட மனக்கசப்பைத் தடுக்கும். அவர் முடியாது என்று சொன்னால், நாளை மாற்றுங்கள், அல்லது வேறு அடுப்பில் சமையுங்கள்.

இரண்டாவது, காற்றின் நிலையைப் பாருங்கள். இந்த நாட்டில் ஒன்று முதல் பத்து வரையுள்ள தினசரிக் காற்றுத் தரக் குறியீட்டை வெளியிடுகிறார்கள். ஏழும் அதற்கு மேலும் என்றால் மாசு அதிகம். அந்த நாளில் கரியும் விறகும் வேண்டாம். காற்று அசையாத குளிர்கால இரவுகளிலும் வேண்டாம். இறைச்சி குளிர்பெட்டியில் காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது.

மூன்றாவது, குறைவாகப் புகையும்படி எரியுங்கள். விறகின் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஈர விறகுதான் வெள்ளையாகத் திரண்டு புகையும். அது இறைச்சியையும் கசப்பாக்கும். பெயின்ட் அடித்த பலகை, பழைய மரச் சாமான்களை எரிக்காதீர்கள். கொழுப்பு தணலில் சொட்டாதபடி கீழே ஒரு தட்டு வையுங்கள். அடுப்பை வேலியிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். கேஸ் அல்லது மின் அடுப்பு இருந்தால் அது இன்னும் நல்லது. நீண்ட நேரம் புகையில் வேக வைப்பதை எப்போதாவது ஒரு முறை, பகலில் செய்யுங்கள்.

நான்காவது, மழை வந்தாலும் தணல் உள்ள அடுப்பை வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். நம் குடும்பத்தாரின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம்.

ஐந்தாவது, இதுவரை யாருக்காவது தொந்தரவு தந்திருந்தால், பெருநாளுக்கு முன்பே போய் மன்னிப்புக் கேளுங்கள். இங்கே கேட்பது எளிது. மறுமையில் கேட்க நாவு இருக்கும், கொடுப்பதற்கு நன்மையைத் தவிர வேறெதுவும் இருக்காது.

யா அல்லாஹ்! நீ ஹலாலாக்கித் தந்த உணவை நன்றியோடு உண்ணும் பாக்கியத்தைத் தருவாயாக. எங்கள் கையாலும் நாவாலும் எங்கள் அடுப்புகளின் புகையாலும் உன் படைப்புகள் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. நோயாளிகளுக்கு, குறிப்பாக மூச்சுக்குத் திணறும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் அண்டை வீட்டார் எங்களைக் குறித்து நிம்மதியாகத் தூங்கும்படி எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.